ஒருவர் க்ளோசெட்டையே மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் வாஷர் போதும் என்கிறார்: யாரை நம்புவது?

கேள்வி: எங்கள் வீடு 1994இல் கட்டியது. மாடியில் வெஸ்டர்ன் டாய்லெட். சில மாதங்களாக ஃப்ளஷ் டேங்கில் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது. க்ளோசெட்டின் அடியில் ஓரமாக ஈரம் கசிகிறது. அதற்கு நேர் கீழே ஹால் சீலிங்கில் பழுப்பாக ஒரு திட்டு விழுந்திருக்கிறது. முதலில் வந்த பிளம்பர், "எல்லாம் போச்சு, தரையை உடைச்சுப் புது க்ளோசெட் போடணும், 32 ஆயிரம் ஆகும்" என்றார். தெருமுனை ஹார்டுவேர் கடையில் சொல்லி வந்த இன்னொருவர், "வாஷர் மாத்தி, அடியில ஒயிட் சிமெண்ட் பூசினா போதும், 900 ரூபாய்" என்கிறார். கீழே இருப்பது இந்தியன் டாய்லெட். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம் என்பதால் அதையும் வெஸ்டர்னாக மாற்ற நினைக்கிறோம். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். பிளம்பரிடம் எதைக் கேட்பது என்றே தெரியவில்லை.
- திருச்சி வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு பேர் சொன்னதிலும் பாதி சரி இருக்கலாம். நீங்கள் எழுதியிருப்பது ஒரு பழுது அல்ல. டேங்கில் தண்ணீர் ஓடுவது ஒன்று, அடியில் கசிவது வேறொன்று, சீலிங் திட்டு மூன்றாவதாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் சேர்த்து ஒரே தீர்ப்புச் சொல்வது, காய்ச்சலுக்கும் கால் சுளுக்குக்கும் ஒரே மாத்திரை கொடுப்பது மாதிரி. எனக்கு உறுத்துவது தொகை அல்ல. இரண்டு பேருமே எதையும் சோதித்துப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவற்றை நீங்களே செய்யலாம். செலவு ஒரு பென்சிலும் கொஞ்சம் சொட்டு நீலமும்.

முதலில் டேங்க். மூடியைத் திறந்து பாருங்கள். நடுவில் செங்குத்தாக ஒரு குழாய் இருக்கும், அதுதான் ஓவர்ஃப்ளோ. தண்ணீர் அதன் வாய் வரை ஏறி உள்ளே வழிந்தால், தண்ணீரை நிறுத்த வேண்டிய பால் காக் நிறுத்தவில்லை என்று அர்த்தம். மட்டம் வாய்க்கு ஓர் அங்குலம் கீழேயே நின்றும் க்ளோசெட்டுக்குள் தண்ணீர் இறங்கினால், டேங்கின் அடியில் இருக்கும் சீல் வாஷர் பிடிக்கவில்லை. சந்தேகமாக இருந்தால், இரவு படுக்கப் போகும்போது டேங்குக்குத் தண்ணீர் விடும், சுவரிலிருக்கும் ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, டேங்கின் உள்சுவரில் தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் சீல் வாஷர், இறங்காமல் இருந்தால் பால் காக். டேங்கில் சில சொட்டு நீலம் விட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருந்து, க்ளோசெட்டுக்குள் நீலம் வருகிறதா என்றும் பார்க்கலாம்.

இந்த வேலைக்கு இரண்டாவது பிளம்பர் போதும். போர் தண்ணீர் வரும் வீடுகளில் வாஷர் கிழிவதைவிட, அதன் மேல் உப்புப் படிந்து சரியாக உட்காராமல் போவதுதான் அதிகம். கழற்றித் துடைத்துத் திருப்பிப் போட்டாலே கொஞ்ச காலம் ஓடும். ஆனால் பழைய டேங்கில் வாஷர் மட்டும் மாற்றுவதைவிட, உள்ளே இருக்கும் ஃபிட்டிங்கை முழு செட்டாக மாற்றிவிடுவது நல்லது. இன்று வாஷர், அடுத்த மாதம் பால் காக் என்று ஒவ்வொன்றாக ஆள் கூப்பிட்டால் கூலிதான் ஏறும். பழைய செட்டைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் ராணிப்பேட்டையில் செய்த பாரிவேரும் வடலூரில் செய்த நெய்சரும் நிறைய உண்டு. அந்தக் கால மாடலுக்கு அதே கம்பெனி பாகம் கிடைக்காவிட்டாலும், பொதுவாகப் பொருந்தும் செட் பெரும்பாலும் கிடைத்துவிடும். பாகம் எதுவுமே பொருந்தவில்லை என்றாலும் டேங்கை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். சுவரில் தனியாக மாட்டிய டேங்க் என்றால் முடியும், க்ளோசெட்டின் மேலேயே உட்கார்ந்த டேங்க் என்றால் கஷ்டம்.

இப்போது அடிக்கசிவு. இங்கேதான் ஒயிட் சிமெண்ட் ஆளை நான் ஏற்க மாட்டேன்.

தரையைத் துணியால் நன்றாகத் துடைத்து, க்ளோசெட்டைச் சுற்றிப் பழைய செய்தித்தாளை வையுங்கள். இரண்டு மணி நேரம் யாரும் டாய்லெட்டைப் பயன்படுத்த வேண்டாம். தாள் அப்போதே நனைந்தால் ஆங்கிள் காக், அதிலிருந்து டேங்குக்குப் போகும் ஹோஸ், ஹெல்த் ஃபாசெட், டேங்கையும் க்ளோசெட்டையும் பிணைக்கும் போல்ட் என்று மேலிருந்து கீழே ஒவ்வொன்றையும் உலர்ந்த டிஷ்யூ தாளால் தொட்டுப் பாருங்கள். பல வீடுகளில் "க்ளோசெட் லீக்" என்று சொல்லப்படுவது, பின்பக்கம் ஹோஸிலிருந்து இறங்கி அடியில் தேங்கும் தண்ணீர்தான். தாள் உலர்ந்தே இருந்து, ஃப்ளஷ் செய்த பிறகு மட்டும் நனைந்தால் கழிவு வெளியேறும் இணைப்பு போய்விட்டது, அல்லது பீங்கானில் மயிரிழைக் கீறல் விழுந்திருக்கிறது.

இணைப்புதான் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தண்ணீர் சும்மா தண்ணீர் இல்லை, கழிவுநீர். அது வெளியே வரும் ஓரத்தை ஒயிட் சிமெண்டால் அடைத்துவிட்டால், உங்கள் கண்ணுக்குத் தெரிவது நின்றுவிடும். தண்ணீர் நிற்காது. வெளியே வர வழியில்லாமல் தளத்துக்குள் இறங்கும். கம்பி துருப்பிடிக்கும், ஹால் சீலிங் பூச்சு பெயர்ந்து விழும். சில ஆண்டுகள் கழித்து அந்தச் செலவோடு ஒப்பிட்டால் 32 ஆயிரமும் சின்னத் தொகையாகத் தெரியும்.

சரியான வேலை என்பது க்ளோசெட்டைத் தூக்கி, இணைப்பில் புது ரப்பர் கனெக்டர் வைத்து, மறுபடி உட்கார வைப்பது. உங்கள் வீட்டில் இதில் ஒரு சிக்கல் வரக்கூடும். அந்தக் காலத்தில் பல கொத்தனார்கள் க்ளோசெட்டை ஸ்க்ரூவில் நிறுத்தாமல் சிமெண்ட் கலவையிலேயே உட்கார வைத்துவிடுவார்கள். அதைத் தூக்கினால் பெரும்பாலும் உடையும். அப்படி என்றால் முதல் பிளம்பர் சொன்னபடி புது க்ளோசெட் வாங்கத்தான் வேண்டும். ஆனால் காரணம் "எல்லாம் போச்சு" என்பது அல்ல, "முழுசாக எடுக்க முடியாது" என்பது. இந்த இரண்டு காரணங்களுக்கும் நடுவில்தான் உங்கள் பணம் இருக்கிறது. தூக்க முடியாது என்பதற்காகப் பீங்கான் மாறலாம், பாத்ரூம் தரை முழுவதையும் பெயர்க்க வேண்டியதில்லை. க்ளோசெட்டின் இரண்டு பக்கமும் அடியில் ஸ்க்ரூ மூடி தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால் முழுசாக வர வாய்ப்பு உண்டு.

சீலிங் திட்டு க்ளோசெட்டால்தான் வந்தது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். குளிக்கிற இடத்தில் தரைத் தண்ணீர் இறங்கும் வாயான நானி டிராப்பும் டைல்ஸ் இடுக்குகளும் அதே இடத்தில் ஈரத்தைக் காட்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதிக்க வேண்டும். இரண்டு நாள் மாடியில் யாரும் குளிக்காமல் டாய்லெட்டை மட்டும் பயன்படுத்துங்கள், அப்புறம் இரண்டு நாள் டாய்லெட்டை விட்டுவிட்டுக் குளிக்க மட்டும் பயன்படுத்துங்கள். திட்டின் ஓரத்தைத் தினமும் பென்சிலால் வரைந்து வையுங்கள். அதிலும் தெளிவாகவில்லை என்றால், நானி டிராப்பைத் துணியால் அடைத்துத் தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் விட்டுப் பார்ப்பார்கள். அதைப் பிளம்பர் இருக்கும்போது செய்யலாம்.

பழைய இணைப்புகள் ஏன் போகின்றன என்றால், வயதைவிட ஆசிட்டுக்குப் பங்கு அதிகம். உப்புக் கறை போகட்டும் என்று வாராவாரம் ஆசிட் ஊற்றிக் கழுவும் வீடுகளில் ஒயிட் சிமெண்ட், டைல்ஸ் இடுக்கு இரண்டும் கரைந்துபோகும். அதுவும் ஆசிட் ஊற்றிய இடத்தில் ப்ளீச்சிங் பவுடரைத் தூவவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், கதவு மூடிய சின்ன பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

புது க்ளோசெட் வாங்க வேண்டி வந்தால், கடைக்குப் போகும் முன் ஒரே ஓர் அளவு தெரிந்திருக்க வேண்டும். கழிவு தரைக்குள் இறங்கினால் அது எஸ் டிராப். சுவருக்குள் போனால் பி டிராப். எஸ் டிராப் என்றால், டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து தரைக் குழாயின் நடு மையம் வரை எத்தனை அங்குலம் என்று அளக்க வேண்டும். கடைகளில் 4, 9, 12 அங்குல மாடல்கள்தான் சாதாரணமாகக் கிடைக்கும். உங்கள் வீட்டில் 9 என்றால் 9தான் வாங்க வேண்டும். 4 அங்குல மாடலை எப்படியாவது உட்கார வைத்தால் டேங்குக்கும் சுவருக்கும் நடுவில் சந்து விழும். 12 அங்குல மாடல் உட்காரவே உட்காராது. அப்போதுதான் "தரையை உடைத்துக் குழாயை நகர்த்தலாம்" என்ற பேச்சு கிளம்பும். மாடித் தளத்தில் நாலு அங்குலக் குழாயை நகர்த்துவதைக் கூடிய மட்டும் தவிர்த்துவிடுங்கள். மாடலை மாற்றுவது சுலபம், குழாயின் சரிவை மாற்றுவது சுலபமல்ல.

பிளம்பரைக் கடைக்குக் கூட்டிப் போகலாமா என்று பலர் கேட்பார்கள். கடைக்காரர் பிளம்பருக்கு ஏதாவது கொடுப்பது ஊரறிந்த வழக்கம், அதைப் பெரிய துரோகமாக நான் நினைப்பதில்லை. ஆனால் மாடலையும் விலையையும் நீங்கள் தனியாக ஒரு முறை விசாரித்துவிட்டு, அப்புறம் அவரைக் கூட்டிப் போங்கள். அளவு பொருந்தாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். பெட்டியைக் கடையிலேயே பிரித்து, சமதளத்தில் வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். நாணயத்தால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்டால் உள்ளே கீறல் இருக்கலாம். ஐ.எஸ். 2556 என்ற தர எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். விற்பனையாளர் கழிவை உறிஞ்சி இழுக்கும் சைஃபானிக் மாடலைக் காட்டினால் மயங்க வேண்டாம். சத்தம் குறைவு, பார்க்கவும் அழகு. ஆனால் வழி குறுகல், உப்புப் படியும் ஊருக்கு அது தலைவலி. தண்ணீரின் வேகத்தில் கழிவைத் தள்ளும் சாதாரண வாஷ்டவுன் மாடல், மூன்று லிட்டர் - ஆறு லிட்டர் இரட்டைப் பட்டன் டேங்க், இது போதும். உங்கள் பழைய டேங்க் ஒவ்வொரு முறையும் பத்து லிட்டர் விடும் ரகமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அம்மாவின் டாய்லெட்டுக்கு வருகிறேன். உண்மையில் பெரிய வேலை இதுதான், உங்கள் கடிதத்தில் கடைசியில் வந்தாலும்.

இந்தியன் டாய்லெட்டின் பேனுக்கு (தரையில் பதித்த பீங்கானுக்கு) அடியில் தனியாக ஒரு டிராப் புதைந்திருக்கும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று, சாக்கடை நாற்றம் மேலே வராமல் தடுக்கும். 1775இல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி காப்புரிமை வாங்கிய அந்த வளைவுதான் இன்றுவரை உலகம் முழுக்க நடக்கிறது. வெஸ்டர்ன் க்ளோசெட்டுக்கு அந்த வளைவு அதன் வயிற்றிலேயே உண்டு. எனவே மாற்றும்போது தரைக்கடியில் இருக்கும் பழைய டிராப்பை எடுத்தே ஆக வேண்டும். பேனை மட்டும் உடைத்துவிட்டு, பழைய டிராப்பின் மேலேயே க்ளோசெட்டை உட்கார வைப்பது ஒரே நாளில் முடிகிற குறுக்கு வழி. நிறைய வீடுகளில் செய்துவிட்டுப் போகிறார்கள். இரண்டு வளைவுக்கும் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். ஃப்ளஷ் செய்தால் தண்ணீர் மேலே ஏறி மெதுவாக இறங்கும், அடிக்கடி அடைக்கும். அப்புறம் வருகிற ஒவ்வொரு பிளம்பரும் க்ளோசெட் கம்பெனியைத் திட்டிவிட்டுப் போவார்.

ஆகவே கீழ்த்தள வேலைக்கு விலை கேட்கும்போது, "கீழே இருக்கிற டிராப்பை எடுப்பீங்களா?" என்று கேளுங்கள். "எடுக்கணும்மா, அதுக்குத் தரையைத் தோண்டணும், கொத்தனார் வேணும், ரெண்டு மூணு நாள் ஆகும்" என்கிறவர் வேலை தெரிந்தவர். "அதெல்லாம் தேவையில்ல, அப்படியே உட்கார வெச்சிடலாம்" என்கிறவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

இன்னொரு விஷயம். இந்தியன் டாய்லெட் பெரும்பாலும் ஒரு படி உயரத்தில் இருக்கும். அந்த மேடையை இடித்துத் தரையைச் சமமாக்கச் சொல்லுங்கள். முழங்கால் தேய்ந்தவருக்குப் படியேறி வெஸ்டர்னில் உட்காருவதில் என்ன பயன்? சாதாரண க்ளோசெட்டைவிட உயரமான மாடல்களும் உண்டு. வாங்கும் முன் அம்மா எந்த உயர நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுகிறார் என்று வீட்டில் பார்த்து, அந்த உயரத்தை அளந்து கொண்டு போங்கள். சீட்டையும் சேர்த்து அளவு பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் ஒரு கைப்பிடி கட்டாயம். அதன் போல்ட் டைல்ஸோடு நிற்காமல் செங்கல் வரை இறங்க வேண்டும். வேலை முடிந்ததும் கைப்பிடியை நீங்களே உடம்பின் பாரம் கொடுத்து இழுத்துப் பாருங்கள்.

எதையும் உடைக்கும் முன், வெளியே கழிவுக் குழாய் வந்து சேரும் தொட்டியான சேம்பரின் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஊற்றும் தண்ணீர் அங்கே தங்காமல் ஓட வேண்டும். தேங்கி நின்றால் பழுது க்ளோசெட்டில் இல்லை, வெளிக்குழாயில் இருக்கிறது. பாதாளச் சாக்கடை இணைப்பு என்றால் மாநகராட்சியிடம் சொல்ல வேண்டும். செப்டிக் டேங்க் நிரம்பியிருந்தால் 14420 என்ற எண்ணில் அழைத்து லாரிக்குப் பதிவு செய்யலாம். டேங்குக்குள் இறங்கிப் பார்க்கிறேன் என்று பிளம்பரே முன்வந்தாலும் விடாதீர்கள். விஷவாயு ஒரு நிமிடம்கூட அவகாசம் தராது. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக்காரருக்கும் தண்டனைக்குரிய குற்றம்.

ஆள் தேர்வைப் பொறுத்தவரை, டேங்க் ஃபிட்டிங் மாதிரி சின்ன வேலைக்கு ஆப்பில் பதிவு செய்து வருகிறவரும் போதும். தரையைத் தொடும் வேலைக்கு உங்கள் பகுதி ஆளைத்தான் நான் சொல்வேன். அந்தத் தெருவில் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது, சேம்பர் எங்கே புதைந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். வேலையில் குறை இருந்தால் கடைத்தெருவில் அவரைப் பார்க்கவும் முடியும். அக்கம்பக்கத்தில் விசாரிக்கும்போது, போன வாரம் வேலை முடிந்த வீட்டைக் கேட்காதீர்கள். போன வருஷம் முடிந்த வீட்டைக் கேளுங்கள்.

32 ஆயிரம் அதிகமா குறைவா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. அதைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். க்ளோசெட் எந்த மாடல், என்ன விலை. குழாய், கனெக்டர், ஆங்கிள் காக், ஹோஸ் யார் வாங்குவது. பிளம்பர் கூலி தனி, கொத்தனார், சித்தாள் கூலி தனி. உடைத்த டைல்ஸுக்குப் பதில் யார் ஒட்டுவது, இடிபாட்டை யார் அள்ளுவது. பெரும்பாலான சண்டைகள் இந்தக் கடைசி இரண்டில்தான் வரும். நாள் கூலி வேண்டாம், வேலையை மொத்தமாகப் பேசிக்கொள்ளுங்கள், பேசியதை வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியாக அவருக்கே அனுப்பி "சரி" என்று பதில் வாங்கிவிடுங்கள். பொருளை நீங்கள் வாங்கித் தருவதாக இருந்தால் பெரிய முன்பணம் தேவைப்படாது. கூலியில் ஒரு பங்கை ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முடிந்த பிறகு சொன்னால்தான் மனக்கசப்பு.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். க்ளோசெட்டை வைத்ததும் ரசமட்டம் போட்டுப் பார்க்க வேண்டும். ஓரம் பூசும் முன்பே டேங்கை இணைத்து ஐந்தாறு முறை ஃப்ளஷ் செய்து, அடியில் உலர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூசிய பிறகு சோதித்துப் பயனில்லை. பூசும்போது பின்பக்கம் இரண்டு விரல் அகலம் பூசாமல் விடச் சொல்லுங்கள். நாளைக்கு இணைப்பில் கசிந்தால் அந்த வழியாக உங்கள் கண்ணுக்குத் தெரியும். அதன் பிறகு ஒரு நாள் முழுக்க அதில் யாரும் உட்காரக் கூடாது. அதனால்தான் இரண்டு டாய்லெட்டையும் ஒரே நேரத்தில் பிரிக்க வேண்டாம் என்கிறேன். மாடியை முதலில் முடியுங்கள். கீழே வேலை நடக்கிற நாட்களில் அம்மா மாடி ஏற முடியாது என்றால், அந்தச் சில நாளுக்கு நடுவில் ஓட்டை உள்ள கமோடு நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கும்.

நீங்கள் இரண்டு பேர் மட்டும் இருப்பதால், வேலை நாளன்று பக்கத்து வீட்டார் யாரையாவது ஒரு மணி நேரம் வந்து உட்காரச் சொல்லுங்கள். மேல்தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் கேட் வால்வ் எது என்று முந்தின நாளே பார்த்து வைத்து, அது முழுசாக மூடுகிறதா என்றும் சோதித்துவிடுங்கள். பழைய வால்வுகள் பாதியில் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் ஆங்கிள் காக்கைக் கழற்றினால் தொட்டித் தண்ணீர் அத்தனையும் பாத்ரூமில்தான் இறங்கும்.